தம்பானூர் சரிவில் ஒரு சந்தை

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டியுள்ள இந்தியன் காபி ஹவுஸில் மாடிப்படி கிடையாது. லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் உருளைக்குள் தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறிப் போகிறது. வெளிச்சுவரை ஒட்டிச் சேர்த்தே கட்டிவிட்ட மேசைகள், இருக்கைகள். சரிவில் சற்று மேலே உட்கார்ந்தவருக்குக் கீழ் மேசையில் நடப்பது முழுதும் தெரியும். எட்டிப் பார்க்க வேண்டாம். சுவரில் விட்டிருக்கும் துவாரங்கள் வழியே வெயில் துண்டு துண்டாக மேசைமேல் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை. மதியக் கூட்டம் வடிந்துவிட்டது. கீழ் மேசையில் மூன்று பேர். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய வயது, வேட்டி. எதிரே ஒரு பெண், முப்பது இருக்கும்; டெக்னோபார்க் கம்பெனியின் அடையாள அட்டைக் கயிறு கைப்பையிலிருந்து தொங்குகிறது. அவள் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். ஆளுக்கொரு பைண்டர். தலைப்பாகை கட்டிய சர்வர் கட்லெட் தட்டோடு வந்ததும் மூன்று பைண்டர்களும் ஒரே நேரத்தில் மேசையிலிருந்து மடிக்கு இறங்குகின்றன. இந்தக் கடையின் கட்லெட்டில் பீட்ரூட் உண்டு. சாப்பிட்டு, கை கழுவி, விரல் விரலாகத் துடைத்த பிறகே பைண்டர்கள் மறுபடி மேலே வருகின்றன. தண்ணீர் தம்ளர்களை அந்தப் பெண் மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைக்கிறாள்.

பைண்டருக்குள் இருப்பவை கார் ரேஸ் அட்டைகள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது அறை. அறைக்கொரு ஓட்டுநர், அல்லது ஒரு கார். பையன் ஒன்றை உருவி, வெயில் துண்டுக்குள் நீட்டி, மெல்லச் சாய்க்கிறான். அட்டை முழுக்க வானவில் ஓடுகிறது. அப்படி ஓடினால் அது ரிஃப்ராக்டர். ஓடாவிட்டால் சாதாரண அட்டை. சாய்த்துப் பார்த்த பிறகு அவன் கண் போவது ஓட்டுநரின் முகத்துக்கு அல்ல, மூலையில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு. பொன் ஓரம் போட்டது உலகத்திலேயே 50தான் இருக்கும். ஆரஞ்சு 25. சிவப்பு 5. சூப்பர்ஃப்ராக்டர் என்பது ஒன்றே ஒன்று.

"லெக்லெர்க், பொன்னு, அம்பதுல பதினேழு" என்கிறாள் பெண், தன் பைண்டரின் கடைசிப் பக்கத்தைத் திறந்து. பையன் மூச்சை இழுத்துப் பிடிக்கிறான். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிகிறார். இருவரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பையனுக்கு அவள் சேச்சி. அவருக்கு அவள் மோளே, பையன் மக்கா. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாறிக்கொள்கின்றன. இந்த ஊரில் அது புதிதல்ல.

ரேஸ் ஓட்டுகிறவனின் படத்தை அட்டையில் அச்சிட்டு விற்பது பழைய வழக்கம். 1931இல் இங்கிலாந்தின் ஆக்டன்ஸ் சிகரெட் கம்பெனி மோட்டார் பந்தயங்களை 50 அட்டைகளாக வெளியிட்டது. 1939இல் சர்ச்மன்ஸ் கம்பெனி வேக மன்னர்கள் என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே வைத்த அட்டைதான் அது. அப்பா புகைத்தார், பிள்ளை சேர்த்தான். போர் வந்து காகிதம் அருகியதும் நின்றுபோனது. இன்றைய சந்தை வேறு. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் 'டிரைவ் டு சர்வைவ்' வந்தது. ரேஸ் பார்த்தே இராத வீடுகளுக்குள் ஓட்டுநர்களின் முகமும் கோபமும் கண்ணீரும் நுழைந்தன. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி ஃபார்முலா ஒன்னுக்கென்று குரோம் வரிசையைத் தொடங்கியது. பேஸ்பால் அட்டை அடித்துப் பழகிய கம்பெனி அது. 2022 ஜனவரியில் அந்த அட்டைத் தொழிலை ஃபனாட்டிக்ஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் 2020 வரிசையின் லூயிஸ் ஹாமில்டன் சூப்பர்ஃப்ராக்டர், அந்த ஒற்றை அட்டை, 9 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 7 கோடி ரூபாய். டைனஸ்டி என்றொரு வரிசை உண்டு. பெட்டிக்கு ஒரே அட்டை, அதில் ஓட்டுநரின் கையெழுத்தோடு அவர் பந்தயத்தில் அணிந்த துணியின் ஒரு துண்டும் பதிந்திருக்கும்.

இந்த மேசையில் கோடி இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைக்க மூன்று பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறார்கள். பெட்டி விலை, அனுப்பும் கூலி, சுங்க வரி என்று பெண் செல்போனில் கணக்குக் காட்டுகிறாள். உடைக்காமல் வைத்திருந்த கடைசி பேக்கை எடுத்து நடுவில் வைக்கிறாள். 2024 வரிசை. நாலு அட்டை. யார் உடைப்பது என்று பேச்சே எழவில்லை, பையனிடம் போகிறது. நகம் படாமல் ஓரத்தைக் கிழிக்கிறான். ஓகான். பொட்டாஸ். ஒரு வில்லியம்ஸ் கார். பேர் தெரியாத ஒரு எஃப்2 ஓட்டுநர், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே ஓடுகிறவர். எண் போட்டது ஒன்றும் இல்லை. பையனின் தோள் இறங்குகிறது. ஆனாலும் நாலையும் தனித்தனி ஸ்லீவுக்குள் செருகுகிறான், பொன் லெக்லெர்க்குக்குக் காட்டும் அதே கவனத்தோடு. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று.

பெண் கைப்பையிலிருந்து பருத்தித் துணியில் சுற்றிய ஒன்றை எடுக்கிறாள். கனத்த பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்த அட்டை, மேலே பி.எஸ்.ஏ. 10. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து, மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா, கீறல் உண்டா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிற நிறுவனம் பி.எஸ்.ஏ. 9க்கும் 10க்கும் நடுவே விலை பன்மடங்கு தாவும். வெறுங்கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பையன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அண்ணாச்சி அதைத் தொடவில்லை.

"எனக்கு இது வேண்டாம் மோளே. தொட முடியாததை வச்சு நான் என்ன செய்ய?"

"அண்ணாச்சி, உங்க அட்டையெல்லாம் வளைஞ்சு கிடக்கு. அதுக்கு இது மேல்."

உண்மைதான். அவர் பைண்டரில் குரோம் அட்டைகள் லேசாக வில்போல் வளைந்திருக்கின்றன. அடியில் காகிதம், மேலே பளபளக்கும் படலம். கடற்கரை ஊரின் ஈரத்தைக் காகிதம் குடிக்கிறது, படலம் குடிப்பதில்லை; அட்டை வளைந்துவிடுகிறது. ஜூனில் மழை பிடித்தால் இடைவிடாமல் ஈரம் ஊறும் இந்த ஊரில் அட்டை சேர்ப்பவரின் முதல் எதிரி திருடன் அல்ல, காற்று. பெண்ணின் பைண்டர் பையில் மருந்துக் குப்பியிலிருந்தும் செருப்புப் பெட்டியிலிருந்தும் எடுத்துச் சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கிடக்கின்றன. அதில் ஒரு கை அள்ளி அண்ணாச்சியிடம் தருகிறாள். அவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

பேரம் தொடங்குகிறது. ஆ. மாதவன் எழுதிக் காட்டிய சாலைக் கடைத்தெரு இங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தெருவின் சத்தம் இந்தப் பேரத்தில் கிடையாது. இரண்டு செல்போன்கள் மேசைமேல். சமீபத்தில் எந்த அட்டை என்ன விலைக்குப் போனது என்று ஏலப் பக்கங்களைத் தேடிப் பார்த்த பிறகே வாய் திறக்கிறார்கள். பையனிடம் ஒரு கிமி ஆன்டனெல்லி இருக்கிறது, 2024இல் எஃப்2 ஓட்டியபோது வந்தது. அதைத்தான் பெண் கேட்கிறாள். 2025இல் மெர்சிடிஸ் அவனை ஹாமில்டனின் இடத்தில் உட்கார வைத்தது. எஃப்2 அட்டை வாங்குவது கன்றுக்குட்டி வாங்குவது மாதிரி. கறக்குமா என்று யாருக்கும் தெரியாது, கறந்தால் வீடு நிறையும். பையனுடைய கன்று கறந்துவிட்டது. லெக்லெர்க்கைப் பார்க்கிறான், ஆன்டனெல்லியைப் பார்க்கிறான். தருவதாக இல்லை.

அண்ணாச்சி இதில் கலந்துகொள்ளவில்லை. தன் பைண்டரின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். மற்றப் பக்கங்களில் அறை நிறைந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் பாதி காலி. நடுவில் ஜெஹான் தாருவாலா, 2020 வரிசை. அந்த ஆண்டு டிசம்பரில் பஹ்ரைனின் சாகிர் தடத்தில் எஃப்2 பந்தயம் ஒன்றை வென்ற மும்பைப் பையன். மேல் வரிசையில் இரண்டு காலி அறைகள், உள்ளே சிறு காகிதச் சீட்டு: நரேன், கருண். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் காரில் ஏறி இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் வந்தார். குரோம் வரிசை தொடங்கியது 2020இல். அவர்கள் ஓட்டிய காலத்துக்கும் இந்த அச்சு இயந்திரத்துக்கும் நடுவில் பல வருடம் ஓடிவிட்டது. நரேன் அறையில் சீட்டுக்குப் பின்னால் வேறொன்று மடித்து வைத்திருக்கிறது. பெண் விரலால் சுட்டிக் கேட்க, அவர் உருவிக் காட்டுகிறார். 2011 அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவின் புத்த் தடத்தில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரீக்கு அவர் வாங்கிய நுழைவுச்சீட்டு. அன்று நரேனும் ஓடினார், ஹெச்.ஆர்.டி. காரில்.

"ரெண்டு ராத்திரி ரயிலு. வெட்டல் ஜெயிச்சான். எனக்கு அது முக்கியமில்ல. நம்ம ஆளு கார் முன்னால போகும்போது எந்திரிச்சு நின்னேன்."

மடிப்பு விழுந்த அந்தச் சீட்டுக்கு எந்த நிறுவனமும் 10 போடாது.

அவர் தேடி வந்தது குஷ் மைனி. பெங்களூருப் பையன், 2025 மே மாதம் மொனாக்கோவில் எஃப்2 ஸ்பிரின்ட் பந்தயத்தை வென்றவன், அந்தத் தடத்தில் வென்ற முதல் இந்தியன். பெண்ணிடம் அவன் அட்டை மூன்று இருக்கிறது. விலை என்று பார்த்தால் அதிகமில்லை. உலகச் சந்தைக்கு அவன் மேல் ஆசை இல்லை, ஃபார்முலா ஒன்னில் இருக்கை கிடைக்கும்வரை வராது. மியாமியிலோ மிலானிலோ இருப்பவர் கழித்துப்போடும் அட்டைதான் நாகர்கோவிலுக்கு வந்து சேர்கிறது. இந்த ஒரு இடத்தில் மலிவு நமக்கு நல்லதாகவே அமைந்திருக்கிறது. ஆசைப்பட்டவர் கையில் வந்து விழுகிறது. விலை ஏறினால் அண்ணாச்சியால் வாங்க முடியாது. விலை ஏற வேண்டும் என்றுதான் அவர் ஒவ்வொரு பந்தயமும் பார்க்கிறார். இரண்டும் ஒரே மனதில் இருக்கின்றன, எந்த முரணும் அவருக்குத் தெரியவில்லை.

பெண் மூன்றில் ஒன்றை நீட்டுகிறாள். "வெச்சுக்கோங்க அண்ணாச்சி." அவர் விடுவதில்லை. ஹாமில்டன் அட்டை ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் அதைத் திருப்பி நகர்த்துகிறாள். இரண்டு முறை இப்படிப் போய் வந்து, கடைசியில் ஹாமில்டன் அவள் பக்கமே தங்குகிறது.

இந்தச் சந்தையில் எனக்குக் குறை ஒன்று உண்டு, விலையைப் பற்றியதல்ல. எவனுடைய அட்டையை அச்சிடுவது என்பதை இங்கிருந்து வெகுதூரத்தில் யாரோ தீர்மானிக்கிறார்கள். அச்சில் வந்தவன் ஐம்பது வருடம் கழித்தும் ஒரு பைண்டரில் இருப்பான். வராதவன், எவ்வளவு ஓட்டியிருந்தாலும், செய்தித்தாளோடு பழைய பேப்பர்க் கடைக்குப் போவான். இந்தியாவுக்கு ராலிச் சாம்பியன்கள் உண்டு. 2019இல் அர்ஜுனா விருது வாங்கிய கௌரவ் கில் உண்டு. அவர் பக்கத்து இருக்கையில் பல வருடம் வழிசொல்லிக்கொண்டே போன காசர்கோட்டு மூசா ஷெரீஃப் உண்டு. மேசைமேல் விரிந்திருக்கும் மூன்று பைண்டர்களில் ஒன்றிலும் இவர்கள் இல்லை.

பையன் இவ்வளவு நேரம் காட்டாத ஒன்றைப் பைண்டரின் பின் உறையிலிருந்து எடுக்கிறான். கையால் வரைந்த அட்டை. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அளவு சரியாக வெட்டியிருக்கிறான். மணல் மேட்டிலிருந்து எகிறும் மோட்டார் பைக், மேலே ஹெல்மெட் போட்ட ஒருவர். கீழே மலையாள எழுத்தில் பெயர்: ஹரித் நோவா. ஷொர்ணூர்க்காரர். 2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டாக்கார் ராலியில், ஷெர்கோ டி.வி.எஸ். அணியின் வண்டியை ஓட்டி, ராலி2 பிரிவில் முதலிடம். மொத்தத்தில் 11ஆம் இடம்.

அண்ணாச்சி அட்டையை வாங்கி வெயிலில் சாய்க்கிறார். வானவில் எதுவும் ஓடவில்லை. வெகுநேரம் பார்க்கிறார்.

"யார்லே வரைஞ்சது? நீயா?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்கு ஒண்ணு வேணும்."

"ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதான்னா அச்சடிக்கணும். சிவகாசில எனக்குத் தெரிஞ்ச பிரஸ் இருக்கு. இருபத்தஞ்சு போடச் சொல்லுவோம். நம்பர் நீயே கையால எழுது."

பெண் கையை நீட்டித் தடுக்கிறாள். "மொதல்ல அவர்ட்ட கேக்கணும். அவர் பேரு, அவர் முகம். சம்மதம் சொன்னா அடிக்கலாம். விக்கக் கூடாது."

"விக்க ஆருக்கு வேணும்?" என்கிறார் அண்ணாச்சி.

பையன் நோட்டுப் புத்தகம் எடுக்கிறான். கடிதம் மலையாளத்தில் போகட்டும் என்று முடிவாகிறது. முதல் வரி எழுதி அடிக்கிறான், மறுபடி எழுதுகிறான். பெண் இதற்குள் அட்டையின் பின்பக்கத்துக்கு வந்துவிட்டாள். எல்லா அட்டைக்கும் பின்பக்கம் உண்டு; பிறந்த ஊர், ஓட்டிய வண்டி, பிடித்த இடம். அவள் சொல்லச் சொல்லப் பையன் நோட்டின் ஓரத்தில் குறிக்கிறான். டாக்கார் 2024, ராலி2, ஒன்று. மொத்தம், 11.

"2021ல இருபதாவது வந்தாரு. அதையும் போடணும்" என்கிறான் பையன். "அப்ப இந்தியாவுலருந்து போனவங்கள்ல அதான் பெஸ்ட்."

"போடு, எல்லாத்தையும் போடு" என்கிறார் அண்ணாச்சி. "எழுத்து மட்டும் பொடியா வேண்டாம் மக்கா. கண்ணாடி இல்லாம எனக்கு வாசிக்கணும்."