ஓர் உதிரி பாகத்தைத் தேடி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலுசெட்டி சத்திரத்தின் அருகே இருப்பது எங்கள் ஊர் திருப்புட்குழி. ‘புள்’ என்றால் பறவை. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் இது என்பர். இங்குள்ள விசயராகவப் பெருமாள் கோயிலில் ஒரு குதிரை வாகனம் உண்டு. கீல் வைத்துப் பூட்டிய அதன் உறுப்புகள் உயிருள்ள குதிரையைப் போலவே அசையும். அதைச் செய்தவர், இதுபோல் இன்னொன்று செய்வதில்லை என்று உறுதி பூண்டு உயிரையே விட்டாராம். சிறு வயதில் இக்கதையைக் கேட்டு வியந்தேன். இன்றோ வேறொரு கேள்வியும் எழுகிறது. அந்தக் கீல் ஒன்று ஒடிந்தால் யாரிடம் போவது?

இக்கேள்வி எழக் காரணம் உண்டு. என் தாத்தா தறி நெய்தவர். அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஒரு சிறு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். அங்கே பழைய டி.சி. மோட்டார் ஒன்று ஓடுகிறது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் ஆறு தைரிஸ்டர்கள். சென்ற ஆண்டு அவற்றில் ஒன்று எரிந்துபோயிற்று. எந்திரம் நின்றது; கூடவே பதினொரு பேரின் கூலியும் நின்றது. செய்த நிறுவனமோ, “அந்த மாடல் இப்போது தயாரிப்பதில்லை” என்று கைவிரித்தது. புதுப் பெட்டியின் விலையைக் கேட்ட முதலாளி, “எந்திரத்தையே எடைக்குப் போட்டுவிடலாம்” என்றார்.

மறுநாள் அப்பாவும் நானும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் அதே எண் பொறித்த ஒன்று, புத்தம் புதிதாகப் பளபளத்தது. அப்பா அதன் அடியிலிருந்த மரையைத் தடவிப் பார்த்தார். “இது ஏற்கெனவே முடுக்கிக் கழட்டினதுப்பா. மேலே மட்டும் புதுசா எண் போட்டிருக்காங்க” என்றார். பிறகு, “அதே எண்தான் வேணுமா? வேற ஆகாதா?” என்று என்னைக் கேட்டார்.

படித்த பாடம் அப்போது கைகொடுத்தது. தைரிஸ்டர் என்பது சிறு சைகைக்குத் திறந்து பெரிய மின்னோட்டத்தை விடும் கதவு. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957இல் அதை உருவாக்கியது. பொறித்த எண் அதன் பெயர்தான். குணத்தைத் தனியே பார்க்க வேண்டும். 415 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் ஏறக்குறைய 587 வோல்ட். திடீர் ஏற்றங்களையும் தாங்க 1200 வோல்ட்டாவது வேண்டும். மோட்டார் இழுக்கும் ஆம்பியர், கதவைத் திறக்கும் சைகையின் அளவு, வெப்பத் தகட்டில் பொருந்தும் மரை ஆகியவை ஒத்துப்போனால் வேறு நிறுவனத்துடையதும் வேலை செய்யும். ஆங்கில டேட்டா ஷீட்டை நான் படித்துச் சொல்ல, அப்பா மரையை அளந்து பார்க்க, மாலைக்குள் ஒன்று அகப்பட்டது. மறுநாள் எந்திரம் ஓடியது.

இத்தொல்லை சிறு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று. 1990களில் இந்திய ரயில்வே, ஏ.பி.பி. நிறுவனத்திடம் டபிள்யூ.ஏ.ஜி.-9 மின் எஞ்சின்களை வாங்கியது. அவற்றில் இருந்தவை ஜி.டி.ஓ. என்ற வகைத் தைரிஸ்டர்கள். உலகம் ஐ.ஜி.பி.டி.க்கு மாறியபோது அவையும் பழையனவாயின. ஆனால் எஞ்சினோடு தொழில்நுட்பத்தையும் ஒப்பந்தத்தில் பெற்றிருந்தோம். அதனால் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1998 முதல் அதே எஞ்சினை இங்கேயே கட்டியது, பின்னர் ஐ.ஜி.பி.டி. வைத்தும் கட்டியது. அறிவு கைமாறியதால் எஞ்சின் பிழைத்தது!

எங்கள் ஊர்க் கலைஞரின் உறுதியை நான் குறை கூறவில்லை. கலைக்கு அது பெருமை. ஆனால் பதினொரு குடும்பங்கள் நம்பியிருக்கும் எந்திரத்துக்கு அது பொருந்தாது. அப்பாவின் அனுபவமெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. தாளில் ஒரு வரிகூட இல்லை. இப்போது ஞாயிறுதோறும் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எதற்குப் பதில் எது பொருந்தும், எவ்வளவு முடுக்க வேண்டும், போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாற்பது பக்கம் நிறைந்துவிட்டது.

என்னைப் போல வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நண்பர்களே! நம் பெற்றோரின் கையில் இருப்பதும் கல்விதான். அதை எழுத்தில் ஏற்றுவது நாம் கற்ற கல்விக்கு முதல் வேலையாகட்டும்.