ஆலோசனையும் ஓர் அமானிதம்

கார் வாங்குவதைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியனிடம் யாரேனும் ஆலோசனை கேட்பார்களா என்று வாசகர்கள் வியக்கலாம். நானும் வியந்தேன். எனக்கென்று இருப்பது பழைய மொபெட் ஒன்றுதான். ஆயினும் சவூதியிலிருந்து இரண்டு மாத விடுப்பில் மேலப்பாளையம் வந்திருந்த என் சகோதரியின் மகன், ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் வீடு தேடி வந்து, இரண்டு விலைப்பட்டியல்களை என் முன் விரித்தான்.

"மாமா, பெட்ரோலா, டீசலா? நீங்கள் சொல்லுங்கள், பிஸ்மி சொல்லி முன்பணம் கட்டிவிடுகிறேன்."

அது பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எக்ஸ் 1 என்னும் சிறிய சொகுசு வாகனம். சென்னைக்கு அருகிலுள்ள ஆலையில் 2007 முதல் அந்நிறுவனத்தின் கார்கள் உருவாகின்றன. இந்த மாடல் 2023 ஜனவரியில் இரண்டு எஞ்சின்களுடன் வெளிவந்தது. பெட்ரோல் எஞ்சின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 136 குதிரைத்திறன். டீசல் எஞ்சின் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன். சாலை வரியும் காப்பீடும் நீங்கலாக, அறிமுக விலை பெட்ரோலுக்கு 45.90 லட்சம், டீசலுக்கு 47.90 லட்சம்.

"இத்தனை விலையில் ஒரு வாகனம் வேண்டுமா?" என்று முதலில் கேட்டேன். பதினேழு ஆண்டு உழைப்பின் சேமிப்பு என்றான். வட்டிக் கடன் ஒரு பைசா இல்லை, ஜகாத்தும் கணக்குப் பார்த்துக் கொடுத்தாயிற்று என்றான். சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் தன் வாப்பா, குனியாமல் ஏறி அமர உயர்ந்த இருக்கை வேண்டும் என்றான். அதற்கு மேல் நான் வாதிடவில்லை. உயர்ந்த இருக்கை குறைந்த விலை வண்டிகளிலும் உண்டே என்ற எண்ணம் என் மனத்தை விட்டு முழுதும் அகலவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவன் மனம் டீசலின் பக்கமே சாய்ந்திருந்தது. மைலேஜும் இழுவையும் டீசலுக்குத்தான் என்று கடைத்தெருவில் எல்லோரும் சொன்னார்களாம். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தைகளை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

2022இல் எங்கள் மதரஸாவுக்கு வேன் வாங்க நிர்வாகக் குழு கூடியபோது, டீசல் வேனே சிக்கனம் என்று வற்புறுத்தியவன் நான். அது ஊர் மக்களின் நன்கொடைப் பணம். வேன் காலையில் மூன்று கிலோமீட்டர், மாலையில் மூன்று கிலோமீட்டர் எனப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது. ஓராண்டு நிறைவதற்குள் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பொருட்படுத்தாமல் ஓட்டினோம். பின்னர் வண்டி வேகமெடுக்க மறுத்தது. பழுது நீக்கிய செலவு இரண்டு உஸ்தாதுகளின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. குழுவில் எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கேட்டில் அந்தத் தொகையை எழுதிய கை என்னுடையது.

பணிமனையில் முதிய மெக்கானிக் ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினிலோ தீப்பொறியே இல்லை. காற்றைக் கடுமையாக அழுத்திச் சூடேற்றி, அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். சிக்கனமும் இழுவையும் அதன் சிறப்பு. கரித்தூள் அதன் குறை. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின், அந்தக் கரித்தூளைப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி பிடித்து வைக்கிறது. சேர்ந்த கரி எரிந்து சாம்பலாக ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு அது எளிது. தெருவுக்குத் தெரு நின்று செல்லும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லி, "மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்று கேட்டேன். மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு ஆறேழு கிலோமீட்டர். அத்துடன் பிள்ளைகளின் பள்ளி, கடைவீதி. ஐந்நூறைத் தாண்டாது என்றான். இருவரும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். நிறுவனம் சொன்ன மைலேஜ் பெட்ரோலுக்கு 16.35, டீசலுக்கு 20.37 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டீசலால் மிச்சமாவது மாதம் சுமார் 800 ரூபாய். இரண்டு லட்சம் விலை வேறுபாட்டில் அலங்காரங்களின் பங்கும் உண்டு. ஆயினும் அதை இந்தச் சேமிப்பால் ஈடுகட்ட இருபது ஆண்டுகள் ஆகும்!

மாதம் இருமுறை சென்னைக்குப் போய்வருபவருக்கும், மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குபவருக்கும் டீசலே பொருத்தம். பெட்ரோலும் குறையற்றதன்று. இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். குறுகிய ஓட்டத்துக்கு மின்சாரக் காரே மிகப் பொருத்தம். 2025 ஜனவரியில் இதே குடும்பத்தின் மின்சார மாடல் 49 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்கள் தெருவில் ஆறடி அகல வண்டியை நிறுத்த இடமில்லை. தெருமுனையில் வாடகைக் கொட்டகை ஒன்றில்தான் நிறுத்த வேண்டும். அங்கே சார்ஜ் ஏற்ற வழியில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "நீ ஊருக்குத் திரும்பிய பின் வண்டியை ஓட்டப்போவது யார்?"

"இவள்தான் மாமா. உரிமம் எடுத்து மூன்று வருடமாகிறது."

"அவளிடம் கேட்டாயா?"

அவன் பேசவில்லை. கதவருகே நின்றிருந்த அவன் மனைவியிடம் நானே கேட்டேன். சற்றுத் தயங்கி அவள் சொன்னாள்: "சின்ன மாமா, டயாலிசிஸ் முடிந்து வரும்போது மாமாவால் தலையைத் தூக்கக்கூட முடியாது. குலவணிகர்புரம் கேட்டில் நிற்கும்போது முகப்பில் அந்த விளக்கு எரிந்தால், கரியை எரிக்க நெடுஞ்சாலைக்கு ஓட்டுவேனா, மாமாவைப் படுக்கவைக்க வீட்டுக்கு ஓட்டுவேனா?"

நாங்கள் ஒரு மணி நேரம் காகிதத்தில் தேடிய விடையை அவள் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். அவ்வளவு நேரமும் அவளிடம் கேட்கத் தோன்றாதது என் பிழையுந்தான். கலந்தாலோசித்தலின் சிறப்பை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். வீட்டுப் பெண்களிடம் கேட்க மட்டும் மறந்துவிடுகிறேன்.

மறுநாள் பெட்ரோல் வண்டிக்கே முன்பணம் கட்டினான். இப்போது வாரம் மூன்று நாள் அவள்தான் என் மச்சானை அழைத்துச் சென்று வருகிறாள். எங்கள் வேனோ, வெள்ளிதோறும் ஜுமுஆவுக்குப் பின் தாமிரபரணிப் பாலம் தாண்டி, நான்குவழிச் சாலையில் கயத்தாறு வரை வெறுமனே ஓடித் திரும்புகிறது. கரி எரிய வேண்டுமே! அந்த டீசல் செலவை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆலோசனை கேட்பவர் தம் பணத்தையும் நம்பிக்கையையும் நம் கையில் தருகிறார். யார் ஓட்டுவார், எங்கே ஓட்டுவார், எவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவார் என்று கேட்காமல் நாம் சொல்லும் பதில் அந்த அமானிதத்தைப் பாழாக்கிவிடும்.

என் மச்சானின் உடல்நலத்துக்காக துஆச் செய்யுங்கள்.