சுரஞ்சன் தாஸ் சேட் அல்ல

பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து தெற்கே பழைய விமான நிலைய ரோட்டுக்குப் போக ஆட்டோக்காரரிடம் ஒரு பெயரைச் சொன்னால் போதும்: சுரஞ்சன் தாஸ் ரோடு. தமிழிலேயே கேட்கலாம், பதிலும் தமிழில் வரும். "யாருங்க இந்த சுரஞ்சன் தாஸ்?" என்றேன். "ரோட்டுக்கு நிலம் குடுத்த சேட்டா இருக்கும் சார்."

சேட் அல்ல. இந்திய விமானப் படையின் குரூப் கேப்டன். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சுதி ரஞ்சன் தாஸின் மகன். இந்தச் சாலை முடியும் இடத்தை ஒட்டிய எச்.ஏ.எல். ஓடுபாதைதான் இந்த வங்காளியை பெங்களூர்க்காரர் ஆக்கியது. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டேங்க் தலைமையில் இங்கே உருவான முதல் இந்தியப் போர் ஜெட், எச்.எஃப்-24 மருத். 1961 ஜூன் 17 அன்று அதை முதன்முதலாக வானில் ஏற்றியவர் தாஸ். 1964 செப்டம்பரில் கிரண் பயிற்சி ஜெட்டின் முதல் பயணமும் அவர் கையில்தான்.

மருத் என்றால் காற்று. நம் மாருதத்துக்கு உறவு. ஆனால் ஒலியை விட வேகமாகப் பறக்கத் திட்டமிட்ட விமானத்துக்கு அதற்கேற்ற எஞ்சின் வாய்க்கவில்லை. நம்பியிருந்த பிரிட்டிஷ் எஞ்சின் திட்டம் கைவிடப்பட, சக்தி குறைந்த ஆர்ஃபியூஸ் 703 எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தி ஒப்பேற்றினார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளைச் செலுத்தி வேகம் கூட்டும் 'ரீஹீட்' முறையிலும் முயன்று பார்த்தார்கள். அப்படி மாற்றப்பட்ட ஒரு மருத், 1970 ஜனவரி 10 அன்று புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. ஓட்டிய தாஸ் பலியானார்.

அடுத்த ஆண்டுப் போரில் ராஜஸ்தான் எல்லையில் மருத்கள் தாக்குதலில் இறங்கின. ஆனால் ஒலியின் வேகத்தை அவை கடைசி வரை தாண்டவில்லை.

2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்கு இடம் மாறின. விமான நிலைய ரோடு 'பழைய' ரோடு ஆயிற்று. ஓடுபாதை மட்டும் ஓயவில்லை. 2001 ஜனவரியில் தேஜஸ் முதலில் எழும்பியதும் இங்கிருந்துதான். மருத் ஒலியை மிஞ்சாத குறையை அது தீர்த்துவிட்டது. எஞ்சின் மட்டும் இன்றும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். தாஸ் உயிரைக் கொடுத்துத் தேடிய விடை இன்னும் பாக்கி.

பாதி வழியில் இந்தக் கதையைச் சொன்னேன். மீட்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தார் ஆட்டோக்காரர். இறங்கும்போது, "அப்போ சேட் இல்லையா சார்?" என்றவர் மேலும் ஏதோ சொன்னார். தலைக்கு மேல் ஒரு ஜெட் கிளம்பிய சத்தத்தில் அது காதில் விழவில்லை.