உளுந்துச் செடியும் எக்செல் கணக்கும்

மணமேல்குடிப் பக்கம் உளுந்து விதைக்கும் விவசாயிக்கும் எக்செலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அவர் விதைப்பது வம்பன் 8 என்றால், அது அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2016-ல் வெளியான ரகம். உளுந்தின் பெரிய எதிரியான மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். இப்படி ஒரு ரகத்தை உருவாக்க ஏராளமான செடிகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும். பயிர்ப்பெருக்கம் படிக்கும் பலர் அதை எக்செலில்தான் போடுகிறார்கள்.

ஓர் உதாரணம். நோய் தாங்கும் செடியையும் தாங்காத செடியையும் கலப்பு செய்து, இரண்டாம் தலைமுறையில் 240 செடிகள் வளர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 172 பச்சையாக நிற்கின்றன, 68 மஞ்சளாகிவிட்டன. எதிர்ப்புத்தன்மை ஒரே ஓங்கு மரபணுவால் வருகிறது என்றால், மெண்டல் கணக்குப்படி 3:1, அதாவது 180-ம் 60-ம் இருக்க வேண்டும். வித்தியாசம் எட்டு. எட்டின் வர்க்கத்தை 180-ஆலும் 60-ஆலும் வகுத்துக் கூட்டினால் 1.42. இதுதான் கை வர்க்கச் சோதனை. 3.84-க்குக் கீழே இருப்பதால் 3:1 என்ற ஊகத்தைத் தள்ள வேண்டியதில்லை. எக்செலில் நாலு கட்டம் போதும், விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டாம். சூத்திரத்தைத் தானே அடிப்பதால் பாடமும் புரிகிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எட்டாவது குடும்பத்தின் மூன்றாவது செடி என்பதற்கு 8-3 என்று அடித்தால், எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும்! மனித மரபணுக்களுக்கும் இதே கதிதான். மார்ச் 1, செப்ட் 2 போன்ற பெயர்கள் தேதியாகிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் தந்தது.

இன்னொன்று இதைவிட மோசம். நோய் மதிப்பெண் உள்ள பத்தியை மட்டும் வரிசைப்படுத்தினால், செடி எண் ஒரு பக்கம், மதிப்பெண் ஒரு பக்கம் போய்விடும். அப்போதும் 172, 68 என்ற எண்ணிக்கை மாறாது. சோதனையும் அதே 1.42 காட்டும். கணக்கு சரி, ஆனால் அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கும் செடி தவறு!

கலப்பிலிருந்து ரகம் வெளியாகப் பத்து வருடம்கூட ஆகலாம். தவறான செடியிலிருந்து தொடங்கினால் அத்தனை பருவமும் வீண். அதனால்தான் வயலில் பென்சிலால் எழுதிய நோட்டைத் தூக்கிப் போடக்கூடாது. செடி எண்ணை எழுத்து வடிவத்தில் பதிவது, மூலத் தாளைத் தொடாமல் நகலில் வேலை செய்வது, தேர்ந்தெடுத்த செடியை நோட்டோடு ஒப்பிடுவது: இந்த மூன்றும் பத்து நிமிட வேலைதான். எக்செலுக்கு எண் தெரியும், செடி தெரியாது.