போனது இன்ஜினா, காயிலா?

"பி.காம். படிக்கிற உனக்கு கார் இன்ஜின் பற்றி எழுத என்ன தகுதி?" என்று வகுப்பில் யாராவது கேட்கப் போகிறீர்கள். முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தகுதி ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பில் வந்தது. பில் வந்துவிட்டால் அது காமர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம்தானே :-)

எங்கள் ஊர் பெருநகர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் ஆற்றில் வந்து கூடுகிற ஊர் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உடனே தெரியும். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து எங்கள் ஊர்ப் பையன்களை ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏற்றிக்கொண்டு போகும். காருக்கு சீட் தைக்கிறவன், ஒயர் கட்டுகிறவன், பெயின்ட் அடிக்கிறவன் எல்லாம் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் ரோட்டரி இன்ஜின் வைத்த காரை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. மஸ்டா கம்பெனி அந்த மாதிரி காரை இந்தியாவில் விற்கவே இல்லை.

அதை வாங்கியது என் அத்தை மகன். ஷார்ஜாவில் தங்கி துபாயில் ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறான். பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று மலிவாகக் கிடைத்தது, 2009 மாடல். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். பின்கதவு இரண்டும் பின்பக்கமாகத் திறக்கும். போட்டோ அனுப்பினான், ஊரே பார்த்தது. "இவ்வளவு நல்ல கார் ஏன்டா இவ்வளவு மலிவு?" என்று அத்தை மட்டும்தான் கேட்டது. சரியான கேள்வி!

போன வருஷம் கோடையில் கார் தகராறு செய்ய ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். சாயங்காலம் இத்திஹாத் ரோட்டு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும்போது உதறும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காது, பெட்ரோல் வாசனை வரும், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மினுக்கும். ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டான். அவர்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரோட்டரியா? இன்ஜின் போச்சு. பிரித்து சீல் மாற்றணும், 9,000 திர்ஹாம்" என்றார்கள். நம்ம ஊர்க் கணக்கில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த அளவு பணம் அவனிடம் இருந்தது. ஆனால் அது பெருநகரில் வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம். சுவர் எழும்பி, சென்ட்ரிங் ஆளுக்கு வார்த்தையும் சொல்லியாகிவிட்டது. மழைக்கு முன்னால் போட்டாக வேண்டும். காரை விற்கலாம் என்றால் இன்ஜின் போன ஆர்எக்ஸ்-8-ஐ யாரும் சீண்ட மாட்டார்கள். "நீ நெட்ல எல்லாம் படிப்பியேடா, கொஞ்சம் பாரேன் மச்சான்" என்று போன் செய்தான். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

படித்ததை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். இன்ஜினியரிங் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது. ஓரம் கொஞ்சம் வளைந்த முக்கோணம் ஒன்று, முட்டை வடிவ அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும். பெட்ரோலை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது எல்லாம் அந்தச் சுற்றிலேயே நடந்துவிடும். கண்டுபிடித்தவர் ஜெர்மனிக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கல். அதை விடாமல் பிடித்துக்கொண்டது ஜப்பானின் மஸ்டா. 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட், 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி, 2003-ல் ஆர்எக்ஸ்-8 என்று போகிறது கதை. ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012-ல் நின்றது. 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் பேட்டரிக்கு மின்சாரம் தருகிற ஜெனரேட்டராக அதே தத்துவம் திரும்பி வந்தது.

இந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. டிஆர்டிஓவின் 'நிஷாந்த்' என்ற ஆளில்லா விமானத்துக்காக 55 குதிரைத்திறன் ரோட்டரி இன்ஜின் ஒன்றை இங்கேயே செய்தார்கள். 2009-ல் கோலார் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இன்ஜினின் முக்கியப் பகுதி பெங்களூரு என்ஏஎல் ஆய்வகத்தின் வேலை. இக்னிஷன், பெட்ரோல் சமாச்சாரம் எல்லாம் அகமதுநகர் விஆர்டிஇயின் வேலை. பொறி கொடுக்கிற வேலையைத் தனியாக ஒரு நிறுவனமே பார்த்திருக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, அந்தப் பொறிக்கு வருவோம். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். ஸ்பார்க் ப்ளக்கின் இடைவெளியில் பொறி தாண்டுவதற்கோ பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இக்னிஷன் காயில். உள்ளே தடித்த கம்பியில் கொஞ்சம் சுற்று, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. தடித்த கம்பியில் ஓடுகிற மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் மெல்லிய கம்பியில் 20,000, 30,000 வோல்ட் என்று எகிறும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த தத்துவம்தான். பத்தாம் வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து மறந்தது.

ரோட்டரியில் இந்தக் காயிலுக்கு வேலை அதிகம். நாலு சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டருக்கு இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு பொறி போதும். ரோட்டரியில் தண்டு சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. ஆர்எக்ஸ்-8 நிமிஷத்துக்கு 9,000 சுற்று வரை போகும். அப்போது ஒரு காயில் ஒரு செகண்டுக்கு 150 தடவை பொறி கொடுக்க வேண்டும். 6,000 சுற்றில் ஓடும் சாதாரண காருக்கு 50 தடவை போதும். எரியும் அறை நீளமாக, ஒல்லியாக இருப்பதால் ஒரு ப்ளக் பத்தாது. ஒரு ரோட்டருக்கு 'லீடிங்', 'டிரெயிலிங்' என்று இரண்டு. ஆக இரண்டு ரோட்டர், நாலு ப்ளக், நாலு காயில். பக்கத்திலேயே இன்ஜின் சூடு, போதாததற்கு ஷார்ஜா வெயில். ஏறக்குறைய 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நாலு காயிலையும் மாற்றிவிடுவது இந்தக் கார் வைத்திருக்கிறவர்களிடையே வழக்கமாகவே ஆகிவிட்டது. இவன் வாங்கிய காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது.

இவ்வளவு படித்த பிறகு, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கம் டிவிஎஸ் எக்ஸ்எல் ரிப்பேர் பார்க்கிற அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, அந்த இன்ஜின் எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் கேளு. சூடானா மக்கர் பண்ணுதா, ஆறினா சரியாயிடுதா? அப்படின்னா முதல்ல கரண்ட்டைப் பாரு, அப்புறம் இன்ஜினைத் தொடு" என்றார். காரணமும் சொன்னார். காயிலுக்குள் காப்புப் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். ஆறியிருக்கும்போது அது ஒட்டிக்கொண்டு இருக்கும். சூட்டில் விரிந்ததும் மின்சாரம் அந்த வழியாகக் கசிந்துவிடும். ப்ளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தால் பொறி நன்றாகவே தெரியும். ஆனால் இன்ஜினுக்குள் காற்று அழுத்தப்பட்டு நெருக்கமாக இருக்கும். அங்கே பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அங்கேதான் கோட்டை விடும். "வெளியே பொறி வருது, அதனால காயில் நல்லா இருக்குன்னு சொல்றவன நம்பாத" என்றார்.

இன்ஜின் சீல் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் வேறு அடையாளம் உண்டு. ஓடிச் சூடான காரை நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் கிளம்ப மறுக்கும். அத்தை மகனிடம் கேட்டேன். "அது ஒரே சாவியில் கிளம்புதுடா" என்றான். அப்போதே பாதி பயம் போய்விட்டது.

அடுத்தது செலவில்லாத சோதனை. மினுக்குகிற விளக்குக்குப் பின்னால் காரின் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைப் பதிவு செய்து வைக்கும். கூட வேலை செய்கிற ஒருவரிடம் ஸ்கேனர் வாங்கிப் பார்த்தான். பி0302 என்று வந்தது. இந்தக் காரில் அதற்கு அர்த்தம், பின் ரோட்டரில் எரிப்பு தவறுகிறது. இன்ஜினை ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, பின் ரோட்டரின் லீடிங் காயிலை முன் ரோட்டருக்கும், முன்னால் இருந்ததைப் பின்னுக்கும் மாற்றிப் பூட்டச் சொன்னேன். பழைய எண்ணை அழித்துவிட்டு மறுபடி அதே நெரிசலில் ஓட்டினான். இந்தத் தடவை வந்தது பி0301. முன் ரோட்டர்! காயில் எங்கே போனதோ, கோளாறும் கூடவே போயிருக்கிறது. சீல் தேய்ந்திருந்தால் அது பின் ரோட்டரிலேயே அல்லவா உட்கார்ந்திருக்கும்?

அதோடு விடவில்லை. ரோட்டரிக்கென்றே இருக்கிற கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருந்த இன்னொரு இடத்தில் பணம் கட்டி டெஸ்ட் எடுத்தான். இது முக்கியம். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டருக்கு ஆறு முகம், ஆறுக்கும் தனித்தனி எண் வர வேண்டும். சாதாரண பிஸ்டன் மீட்டர் வைத்தால் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஆறு எண்ணும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல், குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே வந்தன. நாலு காயில், நாலு ப்ளக், ஒயர் செட், கூலி எல்லாம் சேர்த்து 1,400 திர்ஹாம் ஆனது. ப்ளக்கை ஏன் சேர்த்து மாற்ற வேண்டும் என்றால், தேய்ந்த ப்ளக்கில் இடைவெளி கூடிவிடும், அதைத் தாண்ட காயில் கூடுதலாக உழைத்துச் சீக்கிரம் சாகும். லீடிங்குக்கும் டிரெயிலிங்குக்கும் ப்ளக் வேறு வேறு, இடம் மாற்றிப் போடக் கூடாது.

முதல் கராஜ்காரர்கள் ஏமாற்றப் பார்த்தார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோட்டரி என்றாலே சீல் போகும் என்கிற பெயர் இருக்கிறது. அது பொய்யும் இல்லை. அமெரிக்காவில் மஸ்டாவே 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8 கார்களின் ரோட்டரி இன்ஜினுக்கு வாரண்டியை 8 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. அதனால் எந்த உதறலைக் கேட்டாலும் மெக்கானிக் வாயில் 'இன்ஜின்' என்றே வருகிறது. கெட்ட பெயர் எடுத்தவன் பையில்தானே முதலில் கை விடுவார்கள்.

இதில் உள்ள கொடுமை என்னவென்றால், சின்னக் கோளாறை விட்டுவைத்தால் பெரிய கோளாறு நிஜமாகவே வந்துவிடும். பொறி தவறினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும். அது பழுக்கக் காய்ந்து உள்ளே உடைந்து அடைத்துக்கொண்டால், சூடு வெளியேற வழியில்லாமல் இன்ஜினுக்கே திரும்பும். அப்புறம் சீல் போகும். "நான் அப்பவே சொன்னேன்ல, இன்ஜின்தான்" என்று சொல்லவும் வசதியாக இருக்கும். விளக்கு சும்மா எரிந்தால் சீக்கிரம் பார்க்க வேண்டும். மினுக்கினால் உடனே ஓரங்கட்ட வேண்டும்.

நம்ம பாடத்துக்கு வருவோம். காயில் மாற்றுவது வருவாயினச் செலவா, முதலினச் செலவா? 50,000 கிலோமீட்டருக்கு வருவதால் நீள்பயன் வருவாயினச் செலவு என்று நம்மில் சிலர் சண்டைக்கு வரலாம் :-) எனக்கு உறைத்தது வேறு. புத்தகத்தில் செலவை வகை பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் 9,000 என்று ஒருவர் எழுதிக் கொடுத்த தாளுக்கும் 1,400 என்ற உண்மைக்கும் நடுவில் இருந்தது வகை அல்ல, ஒரு பரிசோதனை. அதற்கு ஆன செலவு ரொம்பக் குறைவு. அதைக் கேட்கிற தைரியம்தான் தெரியாத ஊரில், தெரியாத மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது வருவதில்லை. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறவன் "இன்ஜின் போச்சு" என்ற இரண்டே வார்த்தைக்குப் பயந்து இரண்டு வருஷச் சேமிப்பை நீட்டிவிடுகிறான்.

தளம் ஆவணியில் போட்டாகிவிட்டது. மழை வந்தபோது அத்தை உள்ளே படுத்தது. கார் இன்னும் ஓடுகிறது. அடுத்த முறை காயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான்.

உங்களில் யாரும் ரோட்டரி கார் வாங்கப் போவதில்லை என்று தெரியும். பைக்கோ, வாஷிங் மெஷினோ, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரோ எதுவாக இருந்தாலும், பெரிய தொகை சொல்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள்? அளந்த எண் எங்கே? அந்த எண் எவ்வளவு இருந்தால் நல்லது? பதில் சொல்கிறவரிடம் வண்டியை விடலாம். கோபப்படுகிறவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.