அணிற்பறழ் மூன்று

ஸுனன் அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. பயணம் ஒன்றின் இடையே தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகள் இரண்டை எடுத்துக்கொள்கின்றனர். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துப் படபடக்கின்றது. அவ்விடம் வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதனை வருத்தியவர் யார் என வினவி, அவற்றைத் தாயிடமே சேர்த்துவிடுமாறு பணிக்கின்றார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்தியை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு நடத்தி வருகின்றேன். சொல்லுக்குச் சொல் பொருள் கூறுவேன். அறிவிப்பாளர் வரிசையை விளக்குவேன். தேர்வில் வினாவாகவும் கேட்பேன். என் வீட்டுக் கொல்லையில் அது எனக்குத் தேவைப்பட்டபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் எங்கள் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டம் ஓராண்டு முழுவதும் காணும் மழையைவிட இது மிகுதி. தெருவெல்லாம் வெள்ளம்; மின்சாரம் இல்லை; பால் வரவில்லை; தொலைபேசியும் ஊமையாகிவிட்டது. மழை ஓய்ந்த மறுநாட்காலை, ஸுபுஹு தொழுதுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தேன். முருங்கை முறிந்து சேற்றில் கிடந்தது. அதன் கவையிலிருந்த கூடு மதில் ஓரமாகச் சிதறியிருந்தது. தென்னை நார், எங்கள் மெத்தையிலிருந்து களவுபோன பஞ்சு, மகளின் பழைய துணியொன்றின் கிழிசல். அவற்றின் நடுவே மூன்று உயிர்கள். கண் திறக்கவில்லை. முதுகின் மூன்று கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்று. ஆசிரியர் தொழிலின் பழக்கம், பொறுத்தருள்க. ஊரார் முதிர்ந்த அணிலையும் அணிற்பிள்ளை என்பர். தொல்காப்பிய மரபியலோ இதனை மூவரி அணில் என்று அடையாளமிட்டு, இதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயரையே உரியதாக்குகின்றது. பறழ் என்றாலும் பிழையில்லை என்கின்றது. அரபியில் ஸின்ஜாப் என்பர். ஆனால் அது குளிர்நாட்டு மென்மயிர்த் தோலுக்குப் பெயர்பெற்ற வேறோர் அணில். இவ்வளவும் அறிந்திருந்தேன். பறழுக்குப் பால் புகட்டுவது எவ்வாறு என்பதை மட்டும் அறியேன்.

மூன்றையும் துண்டில் அள்ளி உள்ளே கொண்டுவந்தேன். பூனை வராதிருக்கக் கொல்லைக் கதவையும் தாழிட்டேன். அவை ஈர மண்ணைப் போல் குளிர்ந்திருந்தன. ‘பசி போலும் வாப்பா’ என்றாள் என் இளைய மகள். எனக்கும் அதுவே தோன்றியது. தேநீருக்கென இருந்த பால்மாவைக் கரைத்தேன். பேனாவுக்கு மை நிரப்பும் கண்ணாடிக் குழலைக் கழுவி எடுத்தேன். கைக்குழந்தையை மடியில் கிடத்துவதுபோல் ஒரு குட்டியை மல்லாத்திப் பிடித்து, வாயில் குழலை வைத்து ரப்பரை அழுத்தினேன். அது விழுங்கவில்லை. நான் மறுபடியும் அழுத்தினேன். மூக்கு வழியே பால் குமிழியிட்டு வந்தது. துடைத்துவிட்டேன், சிறிது உள்ளே போயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

போயிருந்தது, வயிற்றுக்குள் அன்று, மூச்சுக்குள். நள்ளிரவில் அகல் விளக்கின் ஒளியில் பார்த்தபோது, அக்குட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சிலும் நகம் சொடுக்குவது போன்ற மெல்லிய ஓசை. பாங்கு ஒலிக்குமுன் அது அடங்கிவிட்டது.

மறுநாள் என் மூத்த சகோதரி முழங்கால் நீரில் நடந்து எங்களைப் பார்க்க வந்தார். எழுதப் படிக்க அறியாதவர். ஆடு வளர்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். எஞ்சிய இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவுடன் அவர் கேட்ட முதற்கேள்வி:

‘தம்பி, இதுகளோட தாய் எங்கே? தேடுனியா?’

நான் விடை கூறவில்லை.

‘சரி, சில்லுன்னு கெடக்குற குட்டிக்கு எவனாச்சும் பால் குடுப்பானா? குளுந்த வயித்துல பால் செமிக்காது. மொதல்ல சூடு காட்டு.’

வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியால் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் வைத்தார். வெப்பம் மிகுந்தால் குட்டி விலகிச் செல்ல மறுபாதியை வெறுமையாக விட்டார். இரண்டும் உடல் சூடேறி நெளியத் தொடங்கிய பின்னரும் பால் கொடுக்கவிடவில்லை. குட்டியின் முதுகுத் தோலை மெல்லக் கிள்ளிக் காட்டினார். அது உடனே படியாமல் கூடாரம்போல் நின்றது. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. மருத்துவ முகாமில் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்து, இளஞ்சூட்டில் துளித் துளியாக உதட்டோரம் வைத்தார். குட்டியைத் துணியில் சுற்றி நிமிர்த்தியே பிடித்தார். ‘நீ ஊத்தாதே. அது நக்கட்டும். நக்குற வரைக்கும் காத்துக் கெட.’ ஒரு துளிக்கும் மறு துளிக்கும் இடையே அவர் காத்த பொறுமை, பாடம் மறந்த மாணவனிடம் நான் ஒரு நாளும் காட்டாதது.

பருகி முடித்ததும் ஈரப்பஞ்சால் பின்புறத்தை வருடினார். இத்துணைச் சிறு குட்டிகள் தாய் நக்கிவிட்டாலன்றித் தாமாகச் சிறுநீர் கழிக்க மாட்டா என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அன்று அஸருக்குப்பின் மதிலின்மேல் ஓர் அணில் வாலைச் சொடுக்கிச் சொடுக்கி இடைவிடாது கத்தியது. எனக்கு நெஞ்சு பகீரென்றது. அபூதாவூதின் அந்தப் பக்கம் அப்போதுதான் கண்முன் வந்தது. பெட்டியை வெந்நீர்ப் புட்டியோடு மதிலடியில் வைத்து, அனைவரும் உள்ளே சென்று சன்னல் வழியே பார்த்திருந்தோம். மனிதன் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்பது வெறுங்கூற்று; குட்டிகளின் மேனி சூடாகவும் அருகில் ஆளரவம் இல்லாமலும் இருந்தால், ஒவ்வொன்றாக வாயில் கௌவி வேறு கூட்டுக்குக் கொண்டுசெல்லும். அந்த அணில் பாதி மதில்வரை இறங்கியது, நின்றது, பின் தென்னைக்குத் தாவி மறைந்தது. மஃரிபுவரை காத்தோம். மறுநாளும் வைத்தோம். வரவில்லை. அது தாயோ, வேறோர் அணிலோ, அல்லாஹ்வே அறிவான். முதல் நாளே கதவைத் தாழிடாமல் இருந்திருந்தால் விடை தெரிந்திருக்கும்.

தொலைபேசி உயிர்பெற்றதும், திருநெல்வேலியில் கால்நடை மருத்துவம் பயிலும் பழைய மாணவனை அழைத்தேன். ‘மாட்டுப்பால் வேண்டாம் ஹஜ்ரத், அது வயிற்றைப் போக்கிவிடும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவு நல்லது. கிடைக்கும்வரை ஆட்டுப்பால் கொடுங்கள்’ என்றான். குழலை எறிந்துவிட்டு, ஊசி நீக்கிய ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சு வாங்கச் சொன்னான். எடையில் இருபதில் ஒரு பங்குதான் ஒரு வேளைக்கு அளவாம். நகைக்கடை நண்பரின் தராசில் நிறுத்தோம்: ஒன்று 21 கிராம், மற்றது 19. ஆக, வேளைக்கு ஒரு மில்லிலிட்டரை ஒட்டியே. நான் முதல் இரவில் புகட்ட முயன்றது அதைப்போல் மும்மடங்கு.

இரண்டரை மணிக்கு ஒருமுறை, இரவிலும் அவ்வாறே. தஹஜ்ஜுதுக்கு எழ இயலவில்லை என்று இனி எவரிடமும் சாக்குக் கூற முடியாதபடி அவை என்னை எழுப்பின.

சிறியது ஒரு நாள் வாய் திறக்க மறுத்தது. வயிறு உப்பி இறுகியிருந்தது. பால்மாவு வந்த மகிழ்ச்சியில், ஆட்டுப்பாலை ஒரே நாளில் நிறுத்திப் புதியதைக் கெட்டியாகக் கரைத்திருந்தேன். பசித்த குட்டி அவசரமாக உறிஞ்சியதில் காற்றும் உடன் சென்றிருந்தது. கட்டாயப்படுத்திப் புகட்டக் கை துடித்தது. சென்ற முறை அந்தக் கைதான் கொன்றது. மாணவன் சொன்னபடி ஒரு வேளை பாலை நிறுத்தி உப்புச் சர்க்கரை நீர் மட்டும் கொடுத்தோம். வெதுவெதுப்பான ஈரத்துணியால் வயிற்றை மெல்ல நீவினோம். பின்னர் பாதி நீர் கலந்த பால். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கெட்டி. அது உறிஞ்சும் வேகம் மிகும்போதெல்லாம் சிரிஞ்சை விலக்கி மூச்சு வாங்கவிட்டோம். மூன்றாம் நாள் அதுவே என் விரலைப் பற்றி இழுத்தது. அன்று எடை 20 கிராம். தராசின் எண்ணைக் கண்டு என் மகள் அழுதாள்.

அதன்பின் சொல்ல அதிகமில்லை. கண் திறந்தன, பல் முளைத்தன, சட்டையின் பையில் உறங்கின. பால் மெல்லக் குறைந்தது; ஊறவைத்த கடலையும் கொய்யாவும் இலைக்கொழுந்தும் வந்தன. பெயர் வைக்க வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் வைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. 2024 ரமலான் பிறைக்குச் சில நாள்கள் முன், கூண்டைக் கொல்லையில் வைத்துக் கதவைத் திறந்தேவிட்டோம். சில இரவுகள் உறங்க மட்டும் வந்தன. பிறகு அதுவுமில்லை.

முறிந்த முருங்கை அடியிலிருந்து தளிர்த்து இப்போது மதிலைத் தாண்டிவிட்டது. சென்ற வாரம் மொட்டைமாடியில் வெயிலுக்கு விரித்த மெத்தையில் கையளவு ஓட்டை. சகோதரி பஞ்சைத் திணித்துத் தைத்துக்கொண்டே திட்டினார். கொல்லைக் கதவை நான் இப்போதெல்லாம் பகலில் தாழிடுவதில்லை.