ஆயுதமில்லாத அம்பிகை

கல்கத்தா மைதானத்தின் தென்கோடியில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது விக்டோரியா ஞாபகார்த்த மண்டபம். அதை எழுப்பவேண்டுமென்று எண்ணியவர் கர்ஸன் பிரபு. மக்ரானாச் சலவைக்கல்லால் கட்டி 1921-இல் திறந்தார்கள். மற்றப் பெருமைகளை வழிகாட்டி நூல்கள் சொல்லும். நான் தேடிச் சென்றது வேறொன்று.

அது ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த உயரமே உள்ள சித்திரம். 1905-ஆம் வருஷம் அவனீந்திரநாத தாகூர் எழுதிய ‘பாரத மாதா.’ முதலில் இவளை வங்க மாதா என்றே எண்ணினாராம். காவியுடை தரித்த இளம் பெண், சிரசின் பின்னே ஒளிவட்டம், பாதங்களருகே வெண்தாமரை. நான்கு கரங்கள் மட்டும் இல்லாவிட்டால், யாரோ ஒரு வங்காளத்துத் தபஸ்வினி என்றே நினைப்போம். தாளை நீரில் தோய்த்துத் தோய்த்து வர்ணமிடும் முறையை ஜப்பானியச் சித்திரிகரிடம் கண்டுகொண்டவர் தாகூர். அதனால் அவள் அதிகாலைப் பனியினூடே நிற்பதுபோல் தோன்றுகிறது.

தேவியின் கரங்களில் சூலமும் வாளும் கண்டு பழகியவர்கள் இங்கே சற்றுத் திகைப்பார்கள். ஏட்டுச் சுவடி, நெற்கதிர், வெண்துகில், ஜபமாலை, இவ்வளவே. கல்வி, அன்னம், வஸ்திரம், தீக்ஷை என்று பொருள் கூறுவர். ஆனால் அந்தத் துணியை அவ்வளவு சுலபமாகத் தாண்டிவிட முடியாது. 1905 ஆகஸ்டு 7-ந் தேதி இந்நகரத்து டவுன் ஹாலில் அந்நியப் பொருள்களை விலக்குவதென்று தீர்மானித்தார்கள். அக்டோபர் 16-இல் கர்ஸன் திட்டப்படி வங்காளம் இரு கூறாயிற்று. அவ்வருஷத்தில் ஒரு முழத் துணியும் ஆயுதந்தான்!

கேதாரநாதம் முதல் கன்யாகுமரி வரை குடியானவன் குடிசைதோறும் இப்படம் இருக்கவேண்டுமென்று சகோதரி நிவேதிதை ஆசைப்பட்டார். அவரைக் குருவாகக் கொண்ட நம் பாரதியார், 1908-இல் ‘ஸ்வதேச கீதங்க’ளை அவருக்கே சமர்ப்பித்தார்.

நெற்கதிரைத்தான் என்னால் நெடுநேரம் பார்க்க இயலவில்லை. 1943-இல் இதே வங்காளத்தில் லக்ஷக்கணக்கான ஏழைகள் பஞ்சத்தால் மாண்டார்கள். நெல் விளைத்த கிராமத்தார் இந்த வீதிகளில், சோறு கேட்கவும் துணியாமல், வடித்த கஞ்சித் தண்ணீருக்காக வீடு வீடாய்க் கையேந்தினார்கள். சித்திரத்தில் அவள் கதிரை ஒருவருக்கும் நீட்டவில்லை. வெறுமே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். படம் எழுதியபோது அதில் குறையொன்றும் தோன்றியிராது.

தெற்குப் பக்கமாக வெளியே வந்தேன். கர்ஸன் பிரபுவின் சிலை எதிர்ப்பட்டது. நல்ல வெயில், நில்லாமல் நடந்தேன்.